விழுகிற வண்டிக்குத் தோள் கொடுக்காதே

கண்ணு, நீ நலமா என்று கேட்டு இதை ஆரம்பிக்க மாட்டேன். உன் வலது தோள் வீங்கிக் கிடக்கிறது என்று எனக்குத் தெரியும். நேற்று கருவாடு வாங்கிப் போக வந்த உன் பெண்டாட்டி, வீட்டில் தைலம் இருக்கிறதா என்று கேட்டாள். யாருக்கு, இன்னா ஆச்சு என்றேன். அவள் முகத்தில் கவலையைக் காணோம். ஒரு பெருமைதான் இருந்தது. "இத்த பாருங்க அத்தே, உங்க புள்ள அப்படியே மாமா மாதிரி" என்று சொல்லிப் போனை என் கையில் கொடுத்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். பார்த்து முடித்ததும் தைலத்தை எடுத்துக் கொடுத்து அவளை அனுப்பிவிட்டேன். அந்தப் பெண்ணிடம் கோபித்துக்கொண்டு என்ன ஆகப்போகிறது? கல்யாணமாகி வந்தவளுக்கு இந்த ஊர் சொன்ன கதைதானே தெரியும்.

நான் பார்த்ததை எழுதுகிறேன், நீயும் ஒருமுறை என் கண்ணால் பார். ஆரம்பாக்கம் தாண்டி ரோட்டோரம். உன் குட்டி யானை வண்டி, பின் டயர் பஞ்சர். பின்னால் ஐஸ் பெட்டியும் நண்டுக் கூடையுமாக முழு பாரம். முந்தின நாள் மழையில் ஊறிய மண்ணில் ஜாக்கியை வைத்துத் தூக்கிவிட்டு, டயரைக் கழற்றி ஓரமாகப் போட்டிருக்கிறாய். ஜாக்கிக்கு அடியில் ஒரு பலகை கிடையாது. முன் சக்கரத்துக்கு ஒரு கல் கிடையாது. ஜாக்கி மெதுவாகச் சாய்கிறது. நீ விலகி ஓடவில்லை. திரும்பி முதுகைக் கொடுத்து, தோளை வண்டிக்கு அடியில் முட்டுக் கொடுத்து நிற்கிறாய். உன் கழுத்து நரம்பு புடைக்கிறது. "புடி மச்சி புடி" என்று ஒருவன் கத்துகிறான். கத்துகிறவன்தான் படமும் பிடிக்கிறான். அந்த நேரத்தில் போனைக் கீழே போட்டுவிட்டு ஒரு கல்லை உருட்டி வைக்க அவனுக்குத் தோன்றவில்லை. பஞ்சர் கடைக்காரரோ யாரோ ஓடிவந்து மரக்கட்டையைச் சொருகினார், நீ பிழைத்தாய். படத்துக்கு அடியில் "அப்பனுக்குத் தப்பாத புள்ள" என்று எழுதியிருந்தது. எத்தனை இதயங்கள், எத்தனை கைதட்டல்கள்! நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே யாரோ இன்னொரு இதயம் போட்டார்கள்.

இதை நேரிலேயே சொல்லலாம். சொன்னால் நீ, "அத்த வுடும்மா, ஒன்னும் ஆவல இல்ல" என்று சொல்லிவிட்டு பைக்கை எடுத்துக்கொண்டு போய்விடுவாய். அதனால்தான் எட்டாவது வரைக்கும் படித்த படிப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்து எழுதுகிறேன். இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. உன் கூட்டாளிகளுக்குப் படித்துக் காட்டு. அந்தப் படத்துக்கு இதயம் போட்டவர்கள் எல்லாரும் படிக்கட்டும்.

உன்மேல் மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை என்பதும் எனக்குத் தெரியும். நம்ம குப்பத்து ஆம்பளைகளின் உடம்பே அப்படித்தான் பழகியிருக்கிறது. படகு கரையேறும்போது யார் கூப்பிட்டாலும் போகவேண்டும், அது ஊர்க் கட்டுப்பாடு. சோற்றில் கை வைத்திருந்தாலும் எழுந்து போவார்கள். உன் நைனாவுக்கும் அவர் பங்காளி ஒருத்தருக்கும் வருஷக்கணக்கில் பேச்சுவார்த்தை கிடையாது. அப்போதும் ஒரே படகுக்கு இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் தோள் கொடுத்து இஸ்துவிட்டு, ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டு வந்ததை நான் பார்த்திருக்கிறேன். அலையில் படகு சாய்ந்தால் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் ஓடிப்போய்த் தோளைக் கொடுக்க வேண்டும். சாய்கிற படகை விட்டு விலகி ஓடியவனை ஊரே கேலி பேசும். நீயும் அதைப் பார்த்துத்தான் வளர்ந்தாய். உனக்கு யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தரவில்லை. யோசிப்பதற்கு முன்னாலேயே உன் தோள் போய்விடுகிறது.

ஆனால் கண்ணு, அலையில் சாய்கிற படகைப் பாதி தண்ணீர் தாங்கிக்கொண்டிருக்கிறது. மீதியைப் பத்து பேர் தாங்குகிறார்கள். ஜாக்கிமேல் நிற்கிற வண்டியை யார் தாங்குகிறார்கள்? உள்ளங்கை அகல இரும்பு. அது நகர்ந்துவிட்டால் மொத்த பாரமும் ஒரே ஆள் மேல்தான் இறங்கும். கடலில் செய்கிற வீரத்தைக் கரையில் செய்தால் அதற்கு வேறு பெயர். உன் நைனா செத்தது அப்படித்தான்.

அன்றைக்கு நீ இங்கே இல்லை. சுண்ணாம்புக்குளத்தில் நம்ம சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். ஊரில் பாதிப் பேர் அங்கே போய்விட்டார்கள். நீயும் உன் கூட்டாளிகளோடு பந்தி பரிமாறப் போயிருந்தாய். மீன்பிடித் தடைக்காலம் முடிகிற சமயம். நம்ம பைபர் படகு, கடலைத் தொட்டுக் கிடக்கிற நம்ம ஏரியின் கரையில் கிடந்தது. மணலில் இழுத்து இழுத்து அடிப்பக்கம் தேய்ந்து, ஒரு இடத்தில் வெடிப்பு விட்டிருந்தது. வழக்கமாக என்ன செய்வார்கள்? எஞ்சினை இறக்கிவிட்டு, பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து படகைக் கவிழ்த்துப்போட்டு, மேலே நின்று பைபர் ஒட்டுவார்கள். அன்றைக்குக் கவிழ்க்க ஆள் இல்லை. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று நான் சொன்னேன். "நாளைக்கி எல்லாம் கல்யாணக் களைப்புல குந்திக்கினு இருப்பானுங்க. ஒருத்தனும் வரமாட்டான்" என்றார். உன் நைனாவுக்குச் சும்மா உட்காரத் தெரியாது. அந்த வேகம்தான் எங்களுக்குச் சோறு போட்டது, அதையும் சொல்லியாக வேண்டும்.

என் தம்பி, உன் தாய்மாமன், லாரி ஓட்டுகிறவன், அன்றைக்கு ஊரில் இருந்தான். படகை ஒரு பக்கம் தூக்கி நிறுத்தி, உன் சித்தப்பாவை அடியில் விட்டு ஒட்டலாம் என்று அவனிடம் ஜாக்கி கேட்டார். அவன் கொடுக்கும்போதே சொன்னான்: "மாமா, இது ரோட்டுக்குச் செஞ்ச சாமான். மணல்ல வெச்சா உள்ள போவும். அடியில நல்ல கனமான பலகையா போடு. ஏத்த ஏத்தக் கட்டைய அடுக்கிக்கினே வா. ஜாக்கிய மட்டும் நம்பாத." இவர் சிரித்தார். "கடலையே பார்த்தாச்சு, இத்தத் தூக்கமாட்டமா" என்று சொல்லித் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். என் தம்பி இன்றைக்கும் யார் கேட்டாலும் ஜாக்கி கொடுப்பதில்லை. கருமி என்று அவனைத் திட்டுகிறவர்களுக்குக் காரணம் தெரியாது.

நம்ம ஏரிக்கரை மண்ணை உனக்குத் தெரியும். மேலே காய்ந்து, கிளிஞ்சல் கலந்து, தட்டினால் கல் மாதிரி சத்தம் கேட்கும். அதற்கு ஒரு முழம் கீழே கருப்புச் சேறு. உன் நைனாவுக்குத் தெரியாத விஷயமா? கயிற்றில் ஈயம் கட்டிக் கடலுக்குள் விட்டு, கீழே சேறா மணலா பாறையா என்று நொடியில் சொல்லும் மனுஷன். காலுக்கடியில் இருக்கிற மண்ணைக் குனிந்து பார்க்கவில்லை. மீன் பெட்டியின் மூடி ஒன்று, உப்புத் தண்ணீரில் ஊறி ஊறி இற்றுப்போனது, பக்கத்தில் கிடந்தது. அதைப் போட்டு அதன்மேல் ஜாக்கியை வைத்தார். படகை நகர்த்துவதற்கு வைத்திருந்த தென்னங்கட்டைகள் கூப்பிடு தூரம்கூட இல்லை, கண்ணுக்கு எதிரிலேயே கிடந்தன. அதில் நாலை உருட்டி வந்து அடுக்கியிருந்தால் இந்தக் கடிதம் இல்லை. "ஒரு ஒட்டுதானே, அதுக்குள்ள முடிஞ்சிடும்" என்றார். என் காது கேட்கச் சொன்ன சொல் அது.

அதனால் முதலில் இதைக் கேள். டயர் பஞ்சரானதும் நின்ற இடத்திலேயே ஜாக்கி போடாதே. டயர் கிழிந்தால் கிழியட்டும், கெட்டியான சமமான தரைக்கு மெதுவாக ஓட்டிப் போ. ஏற்றத்திலும் வேண்டாம், இறக்கத்திலும் வேண்டாம். வண்டியில் ஆள் இருந்தால் இறக்கிவிடு. பாரத்தையும் இறக்கிவிட்டால் இன்னும் நல்லது. ஐஸ் உருகட்டும், நண்டு சாகட்டும். ஹேண்ட் பிரேக்கை இழுத்து, கியரில் போட்டு, தரையில் நிற்கிற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல்லோ கட்டையோ கொடு. நட்டைக் கொஞ்சம் தளர்த்துவது டயர் தரையில் இருக்கும்போதே செய்கிற வேலை. வண்டியைத் தூக்கிய பிறகு ஸ்பேனர்மேல் ஏறி நின்று மிதிக்கிறீர்களே, அதில்தான் ஜாக்கி நழுவுகிறது. உன் ஜாக்கியும் டயரைக் கழற்றும்போதே அப்படித்தான் அசைந்து கொடுத்திருக்கும் என்று உன் மாமன் சொல்கிறான். ஜாக்கி வைக்கவேண்டிய இடம் வண்டியின் அடியில் குறித்திருக்கும், கண்ட தகட்டில் முட்டுக் கொடுக்காதே. அடியில் பலகை என்றால் மூடியோ தட்டியோ இல்லை, நல்ல கனமான மரம், அகலமாக. அது எப்போதும் வண்டியிலேயே கிடக்கட்டும்.

தூக்கத் தூக்கக் கட்டையை அடுக்கு, அல்லது வண்டியைத் தாங்குகிற இரும்பு ஸ்டாண்டு வாங்கி வை. ஜாக்கி தூக்குவதற்குத்தான், தாங்குவதற்கு இல்லை. இதை நான் சொல்லிச் சொல்லி உனக்குச் சலித்தாலும் பரவாயில்லை. வெறும் ஜாக்கியில் நிற்கிற வண்டிக்கு அடியில் தலையை விடாதே, கையை விடாதே, உருண்டுபோன நட்டை எடுக்கக்கூட விடாதே. ஜாக்கியின் திருகைக் கடைசி வரைக்கும் ஏற்றாதே, உயரம் போதாவிட்டால் இறக்கிவிட்டு அடியில் இன்னொரு பலகை போடு. நம்ம ஊர் உப்புக் காற்று ஆணியையே தின்றுவிடுகிறது, திருகை விட்டுவைக்குமா? மாதத்துக்கு ஒருமுறை மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்து கிரீஸ் தடவு. மரை தேய்ந்த ஜாக்கியைக் காயலான் கடையில் போடு, சிக்கனம் பார்க்காதே. இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். அவர் போனபிறகு என் தம்பியைப் பிடித்து, எது தப்பு, எங்கே தப்பு என்று நச்சரித்துக் கேட்டேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்தான். ஆனாலும் கேட்காமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

இனி எழுதப்போவது உனக்குப் புதிது. உட்கார்ந்து படி.

ஊர் உனக்குச் சொன்ன கதை இதுதான்: உன் சித்தப்பா படகுக்கு அடியில் படுத்து பைபர் ஒட்டிக்கொண்டிருந்தான். ஜாக்கி சாய்ந்தது. உன் நைனா ஓடிப்போய்த் தோளால் படகைத் தாங்கினார், தம்பி வெளியே வரும்வரைக்கும் தாங்கினார், பிறகுதான் விழுந்தார். தம்பிக்காக உயிரை விட்ட மனுஷன். பதினாறாம் நாள் காரியத்தில் பெரியவர்கள் எழுந்து நின்று இதைச் சொன்னார்கள். நீ தலையை நிமிர்த்திக்கொண்டு கேட்டாய். அதற்குப் பிறகுதான் நீ அழுவதை நிறுத்தினாய்.

நான் அங்கே இருந்தேன். இரண்டு பேருக்கும் டீ எடுத்துப் போனவள் நான். உன் சித்தப்பா அடியிலிருந்து வெளியே வந்து, கையை மணலில் தேய்த்துவிட்டு, என்னிடம் டம்ளரை வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தான். உன் நைனா அவருடைய டம்ளரை மணலில் வைத்துவிட்டு, ஆறட்டும் என்றார். அப்போது அந்தப் பெட்டி மூடி சடக்கென்று முறிந்த சத்தம் கேட்டது. ஜாக்கி சேற்றில் ஒரு பக்கமாக இறங்கியது. படகு விழுகிற மாதிரியே இல்லை. தண்ணீரில் சாய்கிற மாதிரி, அவசரமில்லாமல் சாய்ந்தது. நாங்கள் மூன்று பேரும் வெளியே நின்றுகொண்டிருந்தோம். அடியில் யாரும் இல்லை. ஒரு நாய்கூட இல்லை. அவர் ஓடினார். விலகி இல்லை, படகைப் பார்த்து ஓடினார். போய்க் குனிந்து தோளைக் கொடுத்தார். "வுட்டுடு! வுட்டுடுய்யா!" என்று நான் கத்தினேன். புருஷனை ஒருமையில் கூப்பிட்டது அன்றைக்கு ஒருநாள்தான். அவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. எஞ்சினோடு சேர்த்து மொத்தமும் அவர்மேல் உட்கார்ந்தது.

ஆக, உன் நைனா யாரையும் காப்பாற்றவில்லை. விட்டிருந்தால் படகு மணலில் விழுந்திருக்கும். மிஞ்சிப்போனால் இன்னொரு இடத்தில் வெடித்திருக்கும். அதற்கும் ஒரு ஒட்டுப் போட்டிருப்பார்கள்.

ஊர் அந்தக் கதையைச் சொன்னபோது நான் மறுத்துப் பேசவில்லை. அது தப்பென்று இன்றைக்கும் சொல்லமாட்டேன். தகப்பனைப் பறிகொடுத்துவிட்டு நின்ற பிள்ளைக்கு அந்த நேரம் ஏதோ ஒன்று வேண்டியிருந்தது, ஊர் கொடுத்தது. அது இப்படி வந்து உன் தோளில் உட்காரும் என்று யார் கண்டார்கள்? நேற்று உன் பெண்டாட்டி போனதும் நேரே உன் சித்தப்பா வீட்டுக்குப் போனேன். வலை கட்டிக்கொண்டிருந்தான். நடந்ததைச் சொன்னேன். அவனும் அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறான். அவனும் இதயம் போட்டிருக்கிறான். "பையன்கிட்ட உண்மையைச் சொல்லப்போறேன்" என்றேன். வலையைக் கீழே வைத்தான். பிறகு, "நான் வெளிய நின்னு டீ குடிச்சிக்கினு இருந்தேன்னு எனக்குத் தெரியாதா அண்ணி? அண்ணன் சும்மா செத்துச்சுன்னு எப்படி அண்ணி வெளிய சொல்லிக்கினு திரியறது?" என்றான். அழுதான். நானும் அழுதேன். கடைசியில், "சொல்லிடு அண்ணி. அவனாவது இருக்கட்டும்" என்றான். அவன்மேல் கோபப்படாதே. உன் நைனாவின் சாவுக்கு ஒரு அர்த்தம் நம்மைவிட அவனுக்குத்தான் அதிகம் தேவைப்பட்டது.

எனக்கு உன் நைனாமேல் இருக்கிற கோபம் இன்னும் தீரவில்லை. நல்ல மனுஷன், கை நீட்டியதில்லை, குடித்துவிட்டு வந்து சண்டை போட்டதில்லை. ஆனால் ஒரு படகுக்காக என்னை விட்டுவிட்டுப் போனார். அதைப் பெருமை என்று என்னால் சொல்லமுடியாது. நீ அவரை நினைக்காதே என்று நான் சொல்லவில்லை. அவர் எவ்வளவு பலசாலி என்று உன் பிள்ளைகளுக்குச் சொல். எப்படிச் செத்தார் என்பதையும் உள்ளது உள்ளபடியே சொல்.

உன் வண்டி உனக்கு எவ்வளவு பெரிது என்று தெரியும். கடலுக்குப் போகமாட்டேன் என்று நீ சொன்னபோது நான்தான் முதலில் சந்தோஷப்பட்டேன், ரோடு என்றால் தரைதானே என்று. அந்த வண்டி சாய்ந்தால் சாயட்டும். கவிழ்ந்தால் கவிழட்டும். உன் கால் பின்பக்கம் போகவேண்டும், அதை இப்போதிலிருந்தே பழக்கு. கேலி பேசுகிறவர்கள் பேசட்டும். ஓடிப்போனவன் என்று ஊர் உன்னைச் சொல்லட்டும். அந்தப் பெயரோடு நீ எனக்கு வேண்டும்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. உன் நைனா கடைசியாக, "தம்பி வந்துட்டானா?" என்று கேட்டதாக ஊரில் சொல்வார்கள். ஷேர் ஆட்டோவில் என் மடியில் தலை வைத்துத்தான் அவர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். வழியில் ஒருமுறை கண்ணைத் திறந்தார். அவர் உன்னைக் கேட்கவில்லை. என்னைக் கேட்கவில்லை. தம்பியையும் கேட்கவில்லை. "படகு உடைஞ்சிச்சா?" என்றார்.

"இல்ல" என்றேன். அது உண்மைதான். அவர் தோள் கொடுத்த இடத்தில் ஒரு கீறல்கூட விழவில்லை.